ஸ்டியரிங் ஏன் கனத்தது? – ஒரு முறுக்கு உணரியின் பழுதாய்வு

– இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

அடையாறு காந்தி நகரில், ஆற்றங்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், 2008ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய கார் ஒன்று நிற்கிறது. அதன் உரிமையாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அதை ஓட்டுபவர் என் தந்தையார். பதினைந்து ஆண்டுகள் முடிந்து, பதிவையும் மேலும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தாயிற்று. வாரத்தில் இரு நாள் ஆசிரியையின் கணவரை இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், வெள்ளிக்கிழமைகளில் மயிலாப்பூர் சென்று வருவதுமே அக்காரின் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால், மிதிக்க வைத்ததில் அந்தக் காருக்கும் ஒரு பங்கு உண்டு.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், சர்தார் படேல் சாலையில் மத்திய கைலாஷ் அருகே வண்டியைத் திருப்பும்போது, முகப்பில் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுகணமே ஸ்டியரிங் கல்லாய்க் கனத்துவிட்டது. தந்தையார் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கினார். விளக்கு அணைந்தது, ஸ்டியரிங் பழையபடி இலேசாயிற்று. அன்று முதல் இதே கதைதான். மூன்று நாள் சும்மா இருக்கும், நான்காம் நாள் வேலையைக் காட்டும். நிலையான பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதுதான் ஆளைக் கொல்லும் என்பது மெக்கானிக்குகள் எல்லாரும் சொல்வது.

ஒரு பணிமனைக்குக் கொண்டு போனோம். அங்கே ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆங்கிள் சென்சார் போயிடுச்சு, காலம் முழுசா மாத்தணும்" என்று முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். ஆசிரியை அம்மையார் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பதினேழு ஆண்டு ஓடிய வண்டிக்கு இவ்வளவு செலவா, விற்றுவிட்டு ஆட்டோவில் போய்க்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொன்னார். அதில் குற்றம் காண எதுவும் இல்லை. ஆனால் கார் போனால் தந்தையாரின் வேலையும் போகும். அன்றிரவு அவர் என்னைக் கேட்டார்: "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சுன்னா அவ்வளவுதானா? அது எதை வச்சு அப்படிச் சொல்லுதுன்னு உங்க படிப்புல பாக்க முடியாதாடா?"

பார்த்தேன். அந்த அனுபவமே இக்கட்டுரை.

முதலில், ஸ்டியரிங்கை இலேசாக்கும் ஏற்பாடு எது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். எண்ணெய் அழுத்தத்தால் கைக்கு உதவும் முறையை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் செய்து காட்டினார். 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் அதை விற்பனைக் காரில் பொருத்தியது. எண்ணெய்க்குப் பதிலாக மின் மோட்டாரை வைத்த முதல் கார் 1988இல் ஜப்பானில் வந்த சுசுகி செர்வோ. எண்ணெய்ப் பம்பு எஞ்சின் ஓடும்போதெல்லாம் சுற்றி எரிபொருளைத் தின்னும். மின் மோட்டாரோ திருப்பும்போது மட்டுமே தின்னும். ஆகவே நம் நாட்டுச் சிறு கார்களில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மின் ஸ்டியரிங் பரவலாயிற்று.

மோட்டார் உதவ வேண்டுமானால், ஓட்டுநர் எந்தப் பக்கம், எவ்வளவு வலுவோடு திருப்புகிறார் என்பது அதற்குத் தெரிய வேண்டும். அதற்காக ஸ்டியரிங் தண்டை இரண்டாக வெட்டி, நடுவே ஒரு மெல்லிய எஃகுத் தண்டை இணைத்திருக்கிறார்கள். இதை முறுக்குத் தண்டு எனலாம். முதலாண்டில் நாம் செய்த முறுக்கு ஊசல் சோதனையை நினைவுகூர்க. கம்பியைத் திருகும் விசை அதிகமானால் திருகுக் கோணமும் அதே விகிதத்தில் அதிகமாகிறது அல்லவா? அதே விதிதான் இங்கும். கை திருப்புகிறது, டயர் தரையைப் பற்றிக்கொண்டு மறுக்கிறது, இடையில் அகப்பட்ட முறுக்குத் தண்டு சில பாகையளவு திருகுகிறது. அந்தச் சில பாகையை மின்னழுத்தமாக மாற்றிச் சொல்வதே முறுக்கு உணரியின் பணி.

பணிமனையார் சொன்ன 'ஆங்கிள் சென்சார்' வேறு பொருள். அது சக்கரம் மொத்தத்தில் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதை அளப்பது. வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு ஏற்பாடு உள்ள கார்களுக்கு அது கட்டாயம் தேவை. எங்கள் காரில் அந்த ஏற்பாடே இல்லை, அந்த உணரியும் இல்லை. இல்லாத பொருளுக்கு நோய் கண்டுபிடித்தது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, முப்பத்தெட்டாயிரத்தை நினைத்தால் கோபமாகவும் இருந்தது. ஆயினும் பெயரைத்தான் மாற்றிச் சொன்னார்கள், திசையை அல்ல என்பதைப் பின்னர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி உணரியின் உள்ளே செல்வோம். புதிய கார்களில் காந்தத்தையோ மின்தூண்டலையோ கொண்டு, தொடாமலே அளக்கும் உணரிகள் உள்ளன. எங்கள் காரில் இருந்தது பழைய வகை. மின்தடைத் தடம் ஒன்றின்மேல் உலோக விரல் ஒன்று உரசி நகரும். மீட்டர் பாலத்தில் கம்பியின்மேல் நாம் நகர்த்தும் ஜாக்கியும் இதுவும் ஒன்றே. தடத்தின் ஒரு முனைக்கு 5 வோல்ட், மறுமுனைக்கு எர்த். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து இடைப்பட்ட ஒரு மின்னழுத்தம் கிடைக்கிறது. கை திருப்பாத நிலையில் விரல் நட்ட நடுவில் நிற்கும். எனவே 2.5 வோல்ட்.

ஆனால் இத்தகைய தடம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும். முதலாவது 3.3 என்றால் இரண்டாவது 1.7. முதலாவது 1.9 என்றால் இரண்டாவது 3.1. எந்நிலையிலும் கூட்டுத்தொகை 5. எதற்கு இந்த இரட்டை ஏற்பாடு? ஒரே உணரி பொய் சொன்னால், ஓட்டுநர் தொடாமலே மோட்டார் வண்டியை ஒரு பக்கம் இழுத்துவிடும். அது கனத்த ஸ்டியரிங்கைவிடப் பன்மடங்கு அபாயம். ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டி எப்போதும் இரு சாட்சிகளையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சாட்சிகள் முரண்பட்ட மறுகணம் மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுகிறது. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள எஃகுத் தொடர்பு அப்படியேதான் இருக்கும், உதவி மட்டும்தான் நிற்கும். மத்திய கைலாஷில் நடந்தது இதுதான்.

இந்தக் கூட்டுத்தொகை பழுதாய்வு செய்வோர்க்குப் பெரிய வரப்பிரசாதம். உணரிக்குச் செல்லும் எர்த் கம்பியில் துரு ஏறி 0.4 வோல்ட் அங்கேயே வீணானது என்று கொள்வோம். தடத்தின் அடிமுனை 0.4க்கு உயர்ந்துவிடும், மீதமுள்ள 4.6 வோல்ட்டே தடத்தில் பகிரப்படும். நடு நிலையில் இரு விரல்களும் 2.7 காட்டும். கூட்டினால் 5.4. அதே குறை 5 வோல்ட் வரும் கம்பியில் இருந்தால், இரண்டும் 2.3 காட்டும். கூட்டினால் 4.6. ஆகவே இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் குற்றம் கம்பியில். ஒன்று மட்டும் துள்ளி மற்றது அசையாமல் இருந்தால் குற்றம் அந்த ஒரு தடத்திலோ, அதிலிருந்து வரும் கம்பியிலோ. கம்பியை ஆட்டும்போது துள்ளினால் கம்பி. ஸ்டியரிங்கைக் குறிப்பிட்ட இடத்துக்குத் திருகும்போதெல்லாம் துள்ளினால் தடம். இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பருவத் தேர்வில் எந்தக் கேள்விக்கும் ஏற்பட்டதில்லை.

கணக்கு கையில் இருந்தும் நேராக உணரியிடம் போகவில்லை. தந்தையாருக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் தம் ஸ்கேனரை மாட்டியபோது, ஒன்றல்ல இரண்டு குறியீடுகள் இருப்பது தெரிந்தது. ஒன்று முறுக்கு உணரி பற்றியது. மற்றொன்று, பெட்டிக்கு வரும் மின்னழுத்தம் குறைவு என்பது. பணிமனைத் தாளில் முதலாவது மட்டுமே இருந்தது. குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் சொன்னதை நண்பர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். அழித்துவிட்டால் நோயாளியின் வாயைப் பொத்தியது போலாகும்.

பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.9. குறையில்லை. உருகியும் நன்றாக இருந்தது. அடுத்து எர்த். மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் இணைப்பிலும் வைத்துக்கொண்டேன். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய பூஜ்யம். தந்தையாரை நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். 3.6 வோல்ட்! இத்தகைய சிறு காரின் மோட்டார் நின்ற நிலையில் முழு வலுவோடு திருப்பும்போது 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 30 என்று கொண்டால், 3.6ஐ 30ஆல் வகுக்க 0.12 ஓம். இதையே ஓம்மானி கொண்டு அளந்திருந்தால் கண்டிருக்க மாட்டேன், ஏனெனில் மீட்டரின் இரு கம்பிகளுக்கே அதைவிட அதிக மின்தடை உண்டு. சாதாரணமாக ஒரு பொருட்டாகாத தடை, பெரும் மின்னோட்டம் பாயும்போது கால்வாசி மின்னழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. ஓமின் விதியை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறேன். அது 3.6 வோல்ட்டாக என் எதிரில் வந்து நின்றது அன்றுதான்.

காலடிப் பலகையைக் கழற்றினால், எர்த் கம்பியைக் காரின் உடலோடு இறுக்கிய போல்ட் பச்சை பூத்திருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது இந்தக் காரின் இருக்கை வரை நீர் ஏறியதாகத் தந்தையார் சொன்னார். இருக்கைகளைக் காய வைத்தார்கள், விரிப்பை மாற்றினார்கள், அந்தப் போல்ட்டை யார் நினைத்தார்கள்? கடற்காற்று வேறு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. உப்புத்தாள் கொண்டு உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மீண்டும் அளந்தபோது 0.1 வோல்ட் கூட இல்லை.

குறியீடுகளை அழித்தோம். விளக்கு எரியவில்லை. செலவு: ஒரு உப்புத்தாள். அம்மையார் எனக்குக் காபி கொடுத்தார். குறைந்த மின்னழுத்தமே உணரியையும் குழப்பி இரண்டாவது குறியீட்டை எழுதவைத்தது என்று நான் நண்பர்களிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை குறியீடு ஒன்றே ஒன்று. முறுக்கு உணரி.

ஒரு காரில் இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. நான்தான் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை விட்டுவிட்டேன். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

உணரியைச் சோதிக்கும் முறைக்கு வருகிறேன். இணைப்பானைக் கழற்றாமல், அதன் பின்புறம் கம்பி நுழையும் துளை வழியே மெல்லிய தையல் ஊசிகளைச் செருகி, அவற்றில் மீட்டரைப் பிடிக்க வேண்டும். கறுப்பு முனை காரின் உடலில் அல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கமுள்ள உணரிக்கான எர்த் ஊசியிலேயே இருக்க வேண்டும். இல்லையேல் மோட்டார் மின்னோட்டத்தால் வரும் பிழையும் அளவில் கலந்துவிடும். காற்றுப்பை உள்ள கார்களில் மஞ்சள் நிற இணைப்பான்களின் பக்கம் ஊசியையும் மீட்டரையும் கொண்டு போகவே கூடாது. எங்கள் காரில் காற்றுப்பை இல்லை, அதனால்தான் என்னைக் கை வைக்க விட்டார்கள்.

எண்காட்டும் மீட்டரில் பார்த்தேன். 2.49, 2.51. இடப்பக்கம் திருப்ப 3.31, 1.69. வலப்பக்கம் திருப்ப 1.70, 3.30. கூட்டுத்தொகை எங்கும் 5. பழுதே இல்லை! அரைமணி நேரம் இப்படியே போயிற்று. பிறகுதான் தோன்றியது. இந்த மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே எண்ணை மாற்றுகிறது. அதற்கிடையில் கண்ணிமைப்பில் நடக்கும் துள்ளல் அதற்குத் தெரியாது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கோ நன்றாகத் தெரியும்.

நம் துறைப் பேராசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, ஆய்வகத்துப் பழைய முள் மீட்டரை இரு நாட்களுக்குப் பதிவேட்டில் கையொப்பமிட்டு வாங்கிச் சென்றேன். அலமாரியில் யாரும் சீண்டாமல் கிடந்த மீட்டர் அது. முள் மீட்டரில் ஒரு குறை உண்டு. அது அளக்கும் சுற்றிலிருந்து தானும் கொஞ்சம் மின்னோட்டம் இழுப்பதால், உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள நல்ல மீட்டர் என்பதால் இந்தப் பிழை சிறிது. மலிவான 2,000 ஓம் மீட்டராக இருந்தால் அளவே கெட்டுவிடும். ஆனால் எனக்கு வேண்டியது துல்லியமான எண் அல்ல, முள் நடுங்குகிறதா என்பதே.

முள் மீட்டர் முதல் தடத்திலும், எண் மீட்டர் இரண்டாம் தடத்திலும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தந்தையார் ஒரே விரலால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மிக மெல்ல அழுத்தினார். முள் வழுவழுவென்று ஏறிற்று, இறங்கிற்று. 2.5ஐக் கடக்கும் இடத்தில் மட்டும் சட்டென்று கீழே விழுந்து எழுந்தது. "இன்னொரு தடவை, மெதுவா" என்றேன். மீண்டும் அதே இடம், அதே விழுகை. பத்து முறை செய்ததில் ஏழு முறை விழுந்தது. இரண்டாம் தடம் அசையவே இல்லை. கம்பியைப் பிடித்து ஆட்டினேன், முள் சலனமில்லை. மீட்டரே பொய் சொல்லலாம் அல்லவா? இரண்டையும் இடம் மாற்றிப் பிடித்தோம். இரண்டாம் தடத்தில் முள் சீராகச் சென்றது. ஐயமே இல்லை, முதல் தடத்தின் நடுப்பகுதி தேய்ந்திருந்தது.

நடுவில் ஏன்? கார் தன் ஆயுளில் பெரும்பகுதி நேர்ச் சாலையில்தான் செல்கிறது. அப்போது விரல் நடுநிலையிலேயே நின்று, சாலை அதிர்வுக்கு ஏற்ப அரைப் பாகை இப்படியும் அரைப் பாகை அப்படியும் பதினேழு ஆண்டுகளாக உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மெட்ரோ ரயில் பணிக்காக லாட்டிஸ் பிரிட்ஜ் சாலை குண்டும் குழியுமாக இருந்த அந்த மாதங்களில் பழுது அடிக்கடி தலைகாட்டியதற்கும் இதுவே காரணம் எனலாம். வளைவில் திருப்பும்போதும், விரல் நடுவைக் கடந்துதானே போக வேண்டும்?

உணரி தனியாகக் கிடைக்காது, ஸ்டியரிங் காலத்தோடு சேர்த்தே விற்பார்கள் என்று அண்ணன் சொன்னார். ஆக, பணிமனையின் முடிவும் எங்கள் முடிவும் ஒன்றே, காரணம்தான் வேறு. ஆனால் காரணம் தெரிந்ததால் ஒரு வழி பிறந்தது. பழைய காலம் ஒன்றை வாங்கினால், அது நல்லதா என்று மாட்டுவதற்கு முன்பே அளந்து பார்க்கலாம்.

புதுப்பேட்டைக்குப் போனோம். உணரிக்கு வேண்டியது 5 வோல்ட். செல்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் தருவதும் ஏறத்தாழ அதுவே. ஒரு பழைய கேபிளை வெட்டி, எந்தக் கம்பி 5 வோல்ட், எது எர்த் என்பதை எங்கள் காரிலேயே முன்கூட்டி அளந்து நிறத்தோடு குறித்து எடுத்துச் சென்றிருந்தேன். கடைக்காரர் தண்டின் அடியை வைஸில் இறுக்கித் தந்தார். முதல் காலத்தில் எங்கள் காரின் அதே நோய், நடுவில் முள் விழுந்தது. இரண்டாவதன் இணைப்பானில் வண்டல் மண் காய்ந்திருந்தது. எந்த வெள்ளத்தைப் பார்த்த வண்டியோ, அதை அளக்கவே இல்லை. மூன்றாவதில் இரண்டு தடங்களும் கோடு இழுத்தாற்போல் சென்றன. கூட்டுத்தொகை 5.1. பவர் பேங்க் தந்ததும் 5.1தான். ஒன்பதாயிரம் சொன்னார், ஆறாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. "இப்படி மீட்டர் வச்சுப் பாத்து வாங்குன ஆளை இப்பதான்பா பாக்குறேன்" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்னும் விளங்கவில்லை.

பொருத்துவது அண்ணனின் வேலை. இணைப்பு மூட்டின் போல்ட்டை மட்டும் பழையதைப் போடாமல் புதிதாக வாங்கினோம். அது கழன்றால் எந்த உணரியும் காப்பாற்றாது. சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, உணரியின் நடுநிலையை ஸ்கேனர் மூலம் பெட்டிக்குப் புதிதாகக் கற்பித்தார். இந்தப் படியை விட்டுவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்று சொல்லிக்கொண்டே செய்தார்.

மாலையில் தந்தையார் திரு.வி.க. பாலம் வரை ஓட்டித் திரும்பினார். அம்மையார் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார், வண்டியை விற்பது பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இதை எழுதும் வரை ஆறு மாதங்கள் ஆகின்றன. விளக்கு எரியவில்லை.

கழற்றிய பழைய உணரியை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. முள் மீட்டரைத் திருப்பித் தரும்போது அதையும் ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து, உறையைப் பிரித்து, நகரும் நுண்ணோக்கியின் அடியில் வைத்தோம். கறுப்புத் தடத்தின் நட்ட நடுவில் பளபளவென்று ஒரு தேய்வு. அகலம் 1.7 மில்லிமீட்டர். பார்க்க விரும்பும் நண்பர்கள் ஆய்வக உதவியாளரைக் கேட்கலாம், மீட்டர் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.